முட்டைக்கோஸ் உருண்டையே பிடிக்கவில்லை, அடி இலைகளைக் கிள்ளலாமா?

#1 தொட்டிச்செடி

வணக்கம் எல்லோருக்கும். முதல் முறையாக முட்டைக்கோஸ் வைத்திருக்கிறேன். ஐந்து செடிகள், ஐந்து தனித்தனித் தொட்டிகள். விதை போட்டு இன்றோடு 92 நாள் ஆகிறது. விதைப் பொட்டலத்தில் 75 நாளில் அறுவடை என்று போட்டிருந்தது. இலை என்னவோ முறம் முறமாக வந்திருக்கிறது, பார்க்கவே ஆசையாக இருக்கிறது, ஆனால் ஒரு செடியில்கூட உருண்டை பிடித்த மாதிரி தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர், அடி இலைகள்தான் சத்தை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன, அவற்றைக் கிள்ளிவிட்டால் நடுவில் உருண்டை திரளும் என்றார். அதனால் போன வாரம் இரண்டு செடிகளில் ஆறு ஏழு இலைகளைக் கிள்ளிவிட்டேன். அதில் ஒன்றின் மேல் இலைகளைச் சேர்த்துப் பிடித்து நூலால் கட்டியும் விட்டேன், கட்டினால் உள்பக்கமாக மடங்கும் என்று நினைத்து. மீதி மூன்றிலும் இதைச் செய்யலாமா? இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமா? நாற்றிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தது, பிடுங்க மனசு வரவில்லை.

#2 கொத்துமண்

பிடுங்காதீர்கள். கிள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள், நூலை இப்போதே போய் அவிழ்த்துவிடுங்கள்.

அவிழ்த்துவிட்டு வந்து இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். நாற்றைத் தொட்டிக்கு மாற்றியது எப்போது? தொட்டி எவ்வளவு பெரியது? நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? என்ன உரம் கொடுத்தீர்கள்? இலையில் ஓட்டை இருக்கிறதா? நடுக்குருத்து எல்லாச் செடியிலும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தீர்களா?

#3 இலைமறைகாய்

நான் எப்போதும் அடி இலைகளை எடுத்துவிடுவேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லையே. காற்றோட்டம் கிடைக்கிறது, நத்தை வந்து ஒளிய இடம் இருக்காது. உருண்டையும் நன்றாகத்தான் வந்தது. ஒரேயடியாகக் கிள்ளவே கூடாது என்று சொல்வது சரியில்லை.

#4 கொத்துமண்

எந்த இலையை எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. மஞ்சளாகி மண்ணில் படிந்து கிடக்கும் இலையை எடுப்பது வேறு, அதைத் தாராளமாக எடுக்கலாம், அதன் வேலை முடிந்துவிட்டது. பச்சைப்பசேல் என்று நிமிர்ந்து நிற்கும் இலையைக் கிள்ளுவது வேறு. தொட்டிச்செடி சொல்வது இரண்டாவது வகை.

#5 தொட்டிச்செடி

நூலை அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்தபோது உள்ளே ஈரமாக, ஒரு மாதிரி நாற்றமாக இருந்தது. உள் இலை ஒன்று வழவழவென்று அழுகத் தொடங்கியிருந்தது. இரண்டு பச்சைப் புழுக்கள் வேறு உள்ளே சுகமாக இருந்தன. எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

மற்ற விவரங்கள்: குழித்தட்டில் விதைத்தேன். தொட்டியும் மண் கலவையும் தயாராகத் தாமதமானதால் 47-ஆம் நாள்தான் மாற்றி நட்டேன். தொட்டி ஒவ்வொன்றும் 20 லிட்டர். வெயில் காலை முதல் மதியம் வரை சுமார் ஐந்து மணி நேரம். உரம் நடும்போது மண்புழு உரம், அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர். இலையில் சிறு சிறு ஓட்டைகள் உண்டு. நடுக்குருத்து… ஒரு செடியில் நடுவே வெறுமையாக இருக்கிறது, பக்கத்தில் மூன்று நான்கு குட்டிக் குருத்துகள் வந்திருக்கின்றன. நான் அதை நல்லது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

#6 மண்வாசம்

தங்கச்சி, உங்கள் செடிகள் தாமதமாகவில்லை. கணக்குதான் தவறிவிட்டது. முட்டைக்கோஸ் விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நாள் பெரும்பாலும் நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து எண்ணுவது, விதைத்த நாளிலிருந்து இல்லை. நீங்கள் நட்டு 45 நாள்தான் ஆகிறது. அதிலும் 47 நாள் குழித்தட்டிலேயே கிடந்த நாற்று, வேர் சுற்றிக்கொண்டு முறுகிப் போயிருக்கும், புது மண்ணில் பிடித்து எழ அதற்குக் கூடுதலாக ஒரு வாரம் பத்து நாள் பிடித்திருக்கும். 75 என்பதை 90 வரை வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள்.

இலை விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் செடியை வளர்ப்பவர்கள் நூற்றுக்கு ஐம்பது பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

நாம் சாப்பிடும் உருண்டை காயும் இல்லை, பூவும் இல்லை. அது ஒரு மொட்டு. செடியின் நுனிக்குருத்துதான் விரியாமலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அவ்வளவு பெரிதாக வீங்கி நிற்கிறது. நூல்கோல், காலிஃபிளவர், பிராக்கோலி, முட்டைக்கோஸ் எல்லாமே தாவரவியலில் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். நூல்கோலில் தண்டு வீங்குகிறது, காலிஃபிளவரில் பூந்தண்டு திரள்கிறது, தண்டு நெடுகக் குட்டிக் குட்டி உருண்டைகளாக விடும் பிரசல்ஸ் கோஸில் பக்க மொட்டுகள் வீங்குகின்றன, முட்டைக்கோஸில் நுனி மொட்டு வீங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உருண்டையின் உள்ளே இருக்கும் இலைகளை வெட்டிப் பார்த்திருப்பீர்கள், வெளுத்துப்போய் மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும். அவற்றின்மீது வெளிச்சமே படுவதில்லை. அவை தங்களுக்குத் தாங்களே ஒரு துளி உணவு தயாரிக்க முடியாது. அப்படியானால் அந்த ஒரு கிலோ எடை எங்கிருந்து வருகிறது? வெளியே விரிந்து நிற்கும் முறம் போன்ற அந்தப் பச்சை இலைகளிலிருந்துதான். அவைதான் சமையற்கூடம், உருண்டை வெறும் களஞ்சியம். நீங்கள் ஒரு பச்சை இலையைக் கிள்ளும்போது உருண்டைக்குப் போக வேண்டிய உணவைத்தான் கிள்ளி எறிகிறீர்கள். உருண்டை எவ்வளவு பெரிதாகும் என்பது நட்டதிலிருந்து முதல் ஆறேழு வாரத்துக்குள் வெளி இலைகள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு ஓட்டை இல்லாமல் வந்தன என்பதைப் பொறுத்தது. உருண்டை பிடிக்க ஆரம்பித்த பிறகு விழுந்து விழுந்து கவனிப்பதைவிட இந்த ஆறேழு வாரத்தில் கவனிப்பதுதான் பலன் தரும்.

இலைகளைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் காலிஃபிளவருக்கு உரியது. அங்கே பூ வெயில் பட்டு மஞ்சளாகாமல் இருக்க மேலே இலையை மடித்துக் கட்டுவார்கள். இங்கே அதற்கு வேலையே இல்லை. முட்டைக்கோஸ் இலை மடங்குவது உள்ளே இருந்து நடக்கும் வளர்ச்சி, வெளியே இருந்து கட்டி அதை வரவழைக்க முடியாது.

உருண்டை பிடிக்கப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காம்பைப் பாருங்கள். முதலில் வந்த அடி இலைகளுக்குக் காம்பு நீளமாக, தனியாகத் தெரியும். பிறகு வருகிற இலைகளுக்குக் காம்பு குட்டையாகிக்கொண்டே போகும், இலை நீளத்தைவிட அகலத்தில் விரியும். காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டின மாதிரி, கிண்ணம் போல உள்பக்கம் குழிந்த இலை நடுவில் தெரிந்தால் இன்னும் சில நாட்களில் மடங்கத் தொடங்கும் என்று அர்த்தம். நாளைக் காலை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

#7 இலைமறைகாய்

மண்வாசம் அண்ணா, உருண்டைக்குள் வெளிச்சம் போகாது என்பதை நான் இப்படி யோசித்ததில்லை. நான் எடுத்ததும் பழுத்த இலைகளைத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் சில சமயம் சேர்த்துப் பச்சையும் எடுத்ததுண்டு. இனிமேல் பச்சையைத் தொட மாட்டேன்.

#8 வெயில்நேசன்

வெப்பத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். முட்டைக்கோஸுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் உருண்டை கெட்டியாக வரும். 25-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் இலை இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், வந்தாலும் தளர்வாக, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். வெப்பம் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன, சூடான இடத்தில் இருப்பவர்கள் விதை வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். நான் முதல் வருடம் குளிர் பருவத்து ரகத்தைத் தெரியாமல் கோடையை ஒட்டிப் போட்டு, நான்கு மாதம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் பெரிய கீரைச்செடி மாதிரிதான் கிடைத்தது. அந்த வருடத்து ஏமாற்றம் இன்னும் மறக்கவில்லை.

வெயில் ஐந்து மணி நேரம் என்பது கொஞ்சம் குறைவு. ஆறு மணி நேரமாவது வேண்டும். நிழலில் நிற்கும் செடிக்கு இலை நீண்டு ஒடுங்கி, காம்பு இழுத்துக்கொண்டு போகும், உருண்டை தள்ளிப்போகும். தொட்டிதானே, முடிந்தால் நகர்த்தி வையுங்கள். வெப்பத்துக்குப் பயந்து நிழலில் வைப்பதைவிட வெயிலில் வைத்து மண்ணுக்கு மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டு வேரைக் குளிர்ச்சியாக வைப்பது நல்லது.

#9 தொட்டிச்செடி

மண்வாசம் அண்ணா, காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். கை வைக்காத இரண்டு செடிகளில் நடுவில் நீங்கள் சொன்ன மாதிரியே காம்பு இல்லாத குழிந்த இலை இரண்டு மூன்று இருக்கின்றன. அந்தக் குழியில் நேற்று ஊற்றின தண்ணீர் பாதரசம் மாதிரி உருண்டு நின்றது, இலையை நனைக்கவே இல்லை. இவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்தும் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கிள்ளிய இரண்டில் அந்த மாதிரி இலை இன்னும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் போல இருந்தது.

அந்த நடுக்குருத்து இல்லாத செடியை என்ன செய்வது?

#10 கொத்துமண்

அது குருடாகிப்போன செடி. நுனிக்குருத்தைப் புழு தின்றுவிட்டது, அல்லது நடும்போது ஒடிந்திருக்கும். நுனி போனால் ஒரே பெரிய உருண்டை வராது, பக்க மொட்டுகள் கிளம்பும், நான்கைந்து குட்டிகள் கிடைக்கலாம். மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இங்கே மட்டும் கிள்ளலாம்!

புழுவைப் பற்றிச் சொல்கிறேன். நூலுக்குள் பார்த்தீர்களே, சிறியது, வெளிர்பச்சை, இரண்டு முனையும் ஒடுங்கி, தொட்டால் படபடவென்று பின்பக்கமாகத் துள்ளி நூலிழை விட்டுத் தொங்கியதா? அப்படியென்றால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முழு வளர்ச்சியிலேயே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். இறக்கையை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது பூச்சியின் முதுகில் வரிசையாக வைர வடிவம் தெரியும், அதனால் அந்தப் பெயர். சின்னப் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும், கண்ணாடி ஜன்னல் மாதிரி தெரியும். பெரிதானதும் அதுவும் ஓட்டையாகிவிடும்.

#11 தொட்டிச்செடி

அதேதான்! தொங்கியது, நான் பயந்து கையை எடுத்துவிட்டேன்.

#12 எறும்புவரிசை

வலைதான் சரியான வழி, ஆனால் எந்த வலை என்பது முக்கியம். பறவை வராமல் இருக்கப் போடும் பெரிய கண் வலை வெள்ளை வண்ணத்துப்பூச்சியை வேண்டுமானால் நிறுத்தும், வைரமுதுகு அதில் சர்வசாதாரணமாக நுழைந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள பூச்சி வலை வேண்டும். நாற்றை நட்ட அன்றைக்கே போட வேண்டும், புழு வந்த பிறகு போட்டால் உள்ளே பண்ணையே வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வலை இலையைத் தொடாமல் வளைவுக் கம்பி வைத்துத் தூக்கி நிறுத்துங்கள், தொட்டுக்கொண்டிருந்தால் வெளியே உட்கார்ந்தபடியே வலை வழியாக முட்டை வைத்துவிட்டுப் போகும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

வலை இல்லாதவர்கள் இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். ஐந்து செடிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பகலில் தெரியாத புழுவும் அடிநரம்பை ஒட்டிப் படுத்திருப்பது வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். மஞ்சள் நிற முட்டைகள் நரம்பை ஒட்டித் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கும், விரலால் தேய்த்தால் போதும்.

#13 இலைமறைகாய்

பத்து நிமிடம் எல்லாம் ஐந்து செடிக்குத்தான். நான் நாற்பது செடி வைத்திருந்தேன், கையால் பொறுக்கி மாளவில்லை. கடைக்காரர் கொடுத்த மருந்தை அடித்தேன், முதல் தடவை கேட்டது, மூன்றாவது தடவை புழு கண்டுகொள்ளவே இல்லை. அளவைக் கூட்டி அடித்தும் அதே கதைதான்.

#14 மண்வாசம்

தம்பி, அளவைக் கூட்டியதுதான் தப்பு. அது நாம் சாப்பிடும் இலை, மொட்டுக்குள் மடிந்துபோனதைக் கழுவவும் முடியாது.

இந்தப் பூச்சி மருந்துக்கு மசியாமல் போவதில் பேர் போனது. 1953-லேயே ஜாவா தீவில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு இது எதிர்ப்பு பெற்றுவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை சுமார் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும், அதனால் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள் சீக்கிரமே தோட்டம் முழுவதும் நிறைந்துவிடும். பி.டி. என்று சொல்லும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்துக்குக்கூட, அதையே விடாமல் அடித்த வயல்களில், எதிர்ப்பு வந்திருக்கிறது. 1990-இல் ஹவாய் தீவுகளிலிருந்து அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது.

அதற்காக பி.டி. கூடாது என்று சொல்லவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன், முறையாக அடித்தால். சாயங்காலம் அடிக்க வேண்டும், வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைத்துவிடும். புழு சின்னதாக இருக்கும்போது அடிக்க வேண்டும், ஏனென்றால் தொட்டால் சாகாது, தின்றால்தான் சாகும். முக்கியமாக இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். தொட்டிச்செடி சொன்ன பாதரசத் துளியை நினைத்துப் பாருங்கள், முட்டைக்கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு இருக்கிறது, எதை அடித்தாலும் உருண்டு கீழே விழுந்துவிடும். ஒட்டுவதற்கு இரண்டு மூன்று சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இது, அடுத்த வாரம் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் என்று மாற்றி மாற்றி அடித்தால் எதிர்ப்பு வருவது தள்ளிப்போகும்.

நாற்பது செடி என்றால் ஓரமாக ஒரு வரிசை கடுகு விதைத்துவிடுங்கள், கோஸ் நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாடியே. இந்தப் பூச்சிகள் செடியை அடையாளம் காண்பது கடுகுக் குடும்பத்துக்கே உரிய அந்தக் காரநெடியை வைத்துத்தான். கடுகில் அது தூக்கலாக இருப்பதால் முதலில் அங்கே போய் முட்டை வைக்கும். கடுகை அப்படியே விட்டுவிடக் கூடாது, அதில் இருக்கும் புழுவை அவ்வப்போது அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமே வளர்த்துக் கொடுத்த கதையாகிவிடும்.

#15 நாற்றுமேடை

நாற்று பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. 47 நாள் குழித்தட்டில் இருந்தது என்கிறார், பாதிப் பிரச்சினை அங்கேதான்.

விதை 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது, நான்கிலிருந்து ஏழு நாளில் முளைத்துவிடும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். தண்ணீர் அதிகமானால் நாற்றழுகல் வரும், தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் கயிற்றால் இறுக்கின மாதிரி ஒடுங்கி, மாலையில் நன்றாக இருந்தது காலையில் படுத்துக் கிடக்கும். நான்கு முதல் ஆறு இலை வந்ததும், அதாவது நான்கு ஐந்து வாரத்தில், நட்டுவிட வேண்டும். தொட்டி தயாராகவில்லையென்றால் விதைப்பதையே தள்ளிப் போடுங்கள், நாற்றைக் காக்க வைக்காதீர்கள்.

நடும்போது முதல் இலை வரை தண்டை மண்ணில் புதைத்து, சுற்றிலும் விரலால் நன்றாக அமுக்க வேண்டும். நான் ஓர் இலையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். இலை கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது. முட்டைக்கோஸுக்கு நிலையான பிடிப்பு வேண்டும், மேல்கனம் அதிகம், காற்றில் ஆடிக்கொண்டே இருந்தால் சின்ன வேர்கள் அறுந்து உருண்டை தளர்ந்துவிடும். தரையில் என்றால் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். 30-இல் வைத்தால் உருண்டை சிறியதாக வரும், சின்னக் குடும்பத்துக்கு அதுவே வசதி.

#16 கீற்றுநிழல்

இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு பிரச்சினை. தரையில் வைத்திருக்கிறேன், மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மத்தியானம் செடி சோர்ந்து தொங்குகிறது, சாயங்காலம் தானாக நிமிர்கிறது. பத்து நாளாக இப்படி. தண்ணீரைக் கூட்டியும் பலன் இல்லை. புழுவும் இல்லை.

#17 மண்வாசம்

ஒரு செடியை மட்டும் மண்ணோடு பெயர்த்து வேரைப் பாருங்கள்.

#18 கீற்றுநிழல்

பார்த்தேன். வேர் இஞ்சி மாதிரி வீங்கி, விரல் விரலாக இருக்கிறது. மெல்லிய வேரே இல்லை.

#19 மண்வாசம்

கிளப் ரூட் என்று சொல்லும் வேர் முண்டு நோய். மெல்லிய வேர் இல்லாததால்தான் ஈரம் இருந்தும் குடிக்க முடியாமல் தொங்குகிறது. இதைப் பூஞ்சை என்றே ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள், பூஞ்சை இல்லை, அதைவிட வேறுவகையான நுண்ணுயிர். வோரோனின் என்ற ரஷ்ய அறிஞர் 1878-இல் இதைக் கண்டறிந்து எழுதினார்.

வந்த செடிக்கு வைத்தியம் இல்லை, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். வேரில் ஒரு துண்டுகூட விடாமல் தோண்டி எடுத்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இதன் வித்துகள் மண்ணில் இருபது ஆண்டுகள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மண்வெட்டி, செருப்பு எல்லாவற்றையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள். புளிப்பு மண்ணில்தான் இது ஆட்டம் போடும், சுண்ணாம்பு இட்டு மண்ணின் பி.எச். அளவை 7.2-க்கு மேல் கொண்டுவந்தால் நன்றாக அடங்கும், ஒழியாது. அந்தப் பாத்தியில் கோஸ், முள்ளங்கி, கடுகு, நூல்கோல் எதுவும் சில ஆண்டுகளுக்கு வேண்டாம். தக்காளி, அவரை, வெங்காயம் என்று மாற்றுங்கள். நாற்று வெளியிலிருந்து வாங்கினீர்களா? பெரும்பாலும் அந்த மண்ணோடுதான் வரும்.

#20 கீற்றுநிழல்

ஆமாம், வாங்கின நாற்றுதான். கேட்கவே வருத்தமாக இருக்கிறது, ஆனால் மற்ற பாத்திகளாவது தப்பட்டும். நன்றி ஐயா.

#21 நாற்றுமேடை

அதே போல இலை ஓரத்திலிருந்து உள்பக்கமாக V வடிவத்தில் மஞ்சளாகி, அந்த இடத்து நரம்பு கறுத்திருந்தால் அது கருப்பு அழுகல், விதை வழியாக வருவது. சந்தேகப்பட்ட விதையை 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து எடுத்து உலர்த்தி விதைப்பேன். வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள், இரண்டு டிகிரி கூடினாலும் முளைப்பு போய்விடும்.

#22 தொட்டிச்செடி

18 நாள் கழித்து வருகிறேன். கை வைக்காத இரண்டிலும் உருண்டை பிடித்துவிட்டது! இப்போது டென்னிஸ் பந்து அளவு. தொட்டிகளை நகர்த்தியதில் இப்போது ஆறரை மணி நேரம் வெயில். தினமும் இரவு டார்ச்சோடு போகிறேன், முதல் வாரம் முப்பது புழுவுக்கு மேல் எடுத்தேன், நேற்று இரண்டே இரண்டு. கிள்ளிய செடிகளிலும் இப்போதுதான் குழிந்த இலை வந்திருக்கிறது.

ஒரு சந்தேகம், பிண்ணாக்குத் தண்ணீரைத் தொடரலாமா?

#23 வெயில்நேசன்

குறைத்துவிடுங்கள். தழைச்சத்து இலை விரியும் காலத்தில் வேண்டும், உருண்டை பாதி ஆனதும் மேலும் மேலும் கொடுத்தால் தளர்வாக வளர்ந்து வெடிக்கும். தண்ணீரை மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் கொடுங்கள். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவதுதான் கெடுதல். அப்படி விட்டால் சுண்ணாம்புச்சத்து உள் இலைகளின் ஓரம் வரை போய்ச் சேராது, வெளியே பார்க்க அழகாக இருக்கும் உருண்டையை வெட்டினால் உள்ளே இலை ஓரமெல்லாம் காகிதம் மாதிரி கருகியிருக்கும். மண்ணில் சத்து இல்லாமல் இல்லை, தண்ணீரோடு ஏறிப் போகவில்லை.

#24 தொட்டிச்செடி

அவசரம்! நேற்று இரவு முழுக்க நல்ல மழை. பெரிய உருண்டையின் மேலே நகம் கீறின மாதிரி ஒரு கோடு தெரிகிறது. நட்டு 86 நாள்.

#25 கொத்துமண்

வெடிக்கப் போகிறது. உள்ளங்கையால் மேலே அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் இன்றைக்கே அறுத்துவிடுங்கள். இன்னொன்று இன்னும் கெட்டியாகவில்லையென்றால், உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கால் சுற்று திருப்புங்கள், அடியில் வேர் அறுபடும் சத்தம் மெதுவாகக் கேட்கும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாதி வேர் போனால் தண்ணீர் உறிஞ்சுவது குறையும், வெடிக்காமல் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும்.

#26 தொட்டிச்செடி

அறுத்தேன். 1 கிலோ 150 கிராம். கத்தியை வைத்ததும் தானாகவே இரண்டாகப் பிளந்துகொண்டது, அவ்வளவு இறுக்கம். நடுவில் வெள்ளைத் தண்டு, அதன் உச்சியில் மண்வாசம் அண்ணா சொன்ன அந்த மொட்டு, கடுகளவு மஞ்சள் புள்ளியாக இருந்தது. அதைச் சுற்றி எத்தனை மடிப்பு! தண்டை ஒட்டி ஒவ்வொரு இலையின் இடுக்கிலும் ஒரு குட்டி மொட்டு. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றைத் திருப்பிவிட்டேன், ஒன்பது நாள் கழித்து 920 கிராம் வந்தது. இலை கிள்ளிய இரண்டும் கடைசி வரை ஏறவே இல்லை. ஒன்று 380, நூல் கட்டியது 290 கிராம். ஐந்துக்கும் ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர். குருடான செடியில் மூன்று குட்டிகள், கைப்பிடி அளவு.

அறுத்த அடித்தண்டுகளைப் பிடுங்கிவிடவா?

#27 மண்வாசம்

இன்னும் பிடுங்காதீர்கள். வெளி இலைகள் நான்கைந்து அப்படியே நிற்கட்டும். அறுத்த தண்டின் மேல் கத்தியால் அரை அங்குல ஆழத்துக்குக் கூட்டல் குறி போலக் கீறிவிட்டு, கொஞ்சம் மண்புழு உரம் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். இலை இடுக்கில் நீங்கள் பார்த்த அந்தக் குட்டி மொட்டுகள்தான், கீழ்த்தண்டிலும் இருக்கின்றன, நுனி போனதும் அவை கிளம்பும். குளிர் இன்னும் மிச்சம் இருந்தால் எலுமிச்சை அளவில் நான்கைந்து உருண்டைகள் கிடைக்கும்.

#28 தொட்டிச்செடி

கீறி 12 நாள் ஆகிறது. பெரிய செடியில் நான்கு பச்சை முனைகள் வந்துவிட்டன. அடி இலை ஆறு இருக்கிறது, எதையும் கிள்ளவில்லை. டார்ச் இன்னும் கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது.